சர்வே நம்பர் இல்லாத மனுக்கள்

அன்புள்ள ரைட்டர் சிஸ்களுக்கும், எண்ணிக்கையில் குறைவான ரைட்டர் ப்ரோக்களுக்கும்,

 நானும் உங்களைப் போல இணையத்தில் ரசிகப் புனைவு எழுதுகிற ஒருத்திதான். என்னையும் நீங்கள் ‘சிஸ்’ என்றே கூப்பிடுகிறீர்கள். எனக்கு அறுபத்தொரு வயது. உங்களில் பலருடைய அம்மாவுக்கு நான் அக்கா முறை ஆவேன். இதுவரை யாரிடமும் திருத்திச் சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை. தாலுகா ஆபீஸில் முப்பத்தேழு வருடம் ‘மேடம்’ என்று கேட்டுப் புளித்த காதுக்கு ‘யூடி (அடுத்த அப்டேட்) எப்போ சிஸ்?’ என்பது எவ்வளவு இனிப்பாக இருக்கிறது தெரியுமா?

இந்த இரண்டு மாதத்தில் நம்மில் மூன்று பேர் கடையைச் சாத்திவிட்டார்கள். ஒருத்தி இருபத்தேழாவது எபியில் (எபிசோடில்), கதாநாயகி ரயில் ஏறிய கையோடு நிறுத்திவிட்டாள். ஒருத்தி ‘சின்ன பிரேக்’ என்று போட்டுவிட்டுக் காணாமல் போனாள். மூன்றாமவர் கதையோடு சேர்த்து ஐடியையே அழித்துவிட்டார். மூன்று பேருக்கும் காரணம் ஒன்றுதான். கதைக்குக் கீழே நாலைந்து வரி. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கெஸ்ட்’. அந்த விருந்தாளிகள் என் வீட்டுக்கும் வருகிறவர்கள்தான். அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது கதை எழுதி இல்லை, உத்தியோகம் பார்த்து.

1986-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது என்னைத் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். காலையில் வருகிற கட்டைப் பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, அந்தந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்றாவது மொட்டைப் பெட்டிஷன் இருக்கும். இன்லண்டு லெட்டரில் இடது கையால் எழுதினது போலக் கோணல் எழுத்து; அடியில் ‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’. அந்தப் பொதுமக்கள் மொத்தமும் ஒரே ஆள்தான் என்பது பார்த்த உடனேயே தெரியும். வி.ஏ.ஓ.வின் நடத்தை, தலையாரியின் இரண்டாவது வீடு, இன்னார் பெண்டாட்டி இன்னாரோடு பேசினாள் என்று எல்லாம் இருக்கும். முதல் வாரம் அதில் ஒன்றை முழுக்கப் படித்துவிட்டு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் அதில் இருந்த யாரையும் எனக்குத் தெரியாது.

எங்கள் டெபுடி தாசில்தார் அந்தக் கடிதங்களைப் படிக்கிற விதமே தனி. முழுதாகப் படிக்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டுவார். “சர்வே நம்பர் இருக்கா பாரும்மா” என்பார். இன்ன கிராமம், இன்ன சர்வே நம்பர், வாய்க்கால் புறம்போக்கில் இத்தனை சென்டை வளைத்து வேலி போட்டிருக்கிறார்கள் என்று இருந்தால், எழுதியவன் யாராக இருந்தால் என்ன, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். பாதி நேரம் வேலி இருக்கும். சர்வே நம்பர் இல்லாவிட்டால் குப்பைக்கூடை. “இவனுக்கு நெலத்து மேல கோபம் இல்ல, ஆளு மேல கோபம். அதுக்கு நம்மகிட்ட ஃபைல் கெடையாது” என்பார். பின்னால், 1999-ல், பெயரில்லாத மனுக்கள் மீதும் பொய்ப்பெயர் மனுக்கள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே சுற்றறிக்கை அனுப்பியது. கூடையில் போட எங்கள் ஐயாவுக்கு அந்தச் சுற்றறிக்கை தேவைப்பட்டிருக்காது. வேலியைப் போய்ப் பார்ப்பதையும் அவர் விட்டிருக்க மாட்டார்.

நான் என்ன எழுதுகிறேன் என்பது சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னியின் செல்வனின் கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாளே மணிமேகலை, அவளை நான் சாக விடவில்லை. எங்கள் பெரியப்பா வீட்டில், 1950-லிருந்து 54 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்து பைண்டு செய்த தொகுப்பு இருந்தது, மணியம் வரைந்த படங்களோடு. அதைப் பதின்மூன்று வயதில் படித்துவிட்டு மூன்று நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? அண்ணன் வாயால் ஒருவனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவனை மனதில் வைத்தது. அவனைக் காப்பாற்றக் கொலைப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக்கூடத் துணிந்தாள். குந்தவைக்குப் பழையாறை இருக்கிறது, வானதிக்கு அருள்மொழி இருக்கிறார், பூங்குழலிக்குக் கடல் இருக்கிறது. இவளுக்கு மட்டும் சாவா? ஓய்வு பெற்ற மறு மாதம் முதல் வேலையாக அவளைப் பிழைக்க வைத்தேன். என் கதையில், எரிந்துபோன கடம்பூர் மாளிகையை அவள்தான் நின்று திரும்பக் கட்டுகிறாள்.

ஒன்பதாவது எபியில் புது மாளிகையின் சமையற்கட்டில் முதல் முதலாக அடுப்பு மூட்டி ரசம் தாளிக்கிறாள். மறுநாள் காலை ஒரு கெஸ்ட் எழுதியிருந்தார்: ‘சோழர் காலத்துல மிளகாய் வத்தல் எங்கேர்ந்து வந்துச்சு, போர்ச்சுகீசியன் உன் மாமனா? இதுங்கள்லாம் எழுத வந்துருச்சுங்க. கல்கி பாத்திருந்தா பேனாவ ஒடைச்சிருப்பாரு.’

பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலை ஓட்டினேன். மாமன், தள்ளு. கல்கி, பேனா, தள்ளு. மிளகாய் வற்றல்... அடடா, இது சர்வே நம்பர் ஆயிற்றே! மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய 1498-க்குப் பிறகு போர்ச்சுகீசியர் வழியாகத்தான் அது நம் அடுப்படிக்கு வந்தது. மணிமேகலை தாளித்த நாளுக்கும் அதற்கும் நடுவே ஐந்நூறு வருடம். வாய்க்கால் புறம்போக்கில் வேலி போட்டது சாட்சாத் நான்தான். மிளகாயை எடுத்துவிட்டு மிளகை இடித்துப் போட்டேன். எழுதி வைத்திருந்த பன்னிரண்டாவது எபியில் ஒரு தக்காளி உட்கார்ந்திருந்தது. அந்தப் புண்ணியவான் கண்ணில் படுவதற்குள் நானே பிடுங்கி எறிந்தேன். அவருக்கு ‘நன்றி, திருத்திவிட்டேன்’ என்று ஒரு வரி போட்டேன். மாமனைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதே வாரம் இன்னொருவர் வந்தார். ‘கல்யாணம் ஆகாத ஏக்கத்தையெல்லாம் கதையில கொட்டாத. எழுதறவளே ஹீரோயின், தூ.’ எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்குப் பேரன் யு.கே.ஜி. படிக்கிறான். ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். இதே வரி இருபத்தைந்து வயதில், நாலு இடத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் ‘போய்ச் சொல்லி அனுப்புகிறோம்’ என்று போன வீட்டில், எல்லோரும் தூங்கிய பிறகு போனில் தட்டச்சு செய்கிறவளுக்கு வந்திருந்தால்? அவள் கூடையில் போட்டிருப்பாளா? கூடைக்குள் அவளே போய் உட்கார்ந்திருப்பாள். எல்லா மொட்டைக் கடுதாசியும் எல்லோருக்கும் ஒரே எடை இல்லை. ‘கண்டுக்காதீங்க சிஸ்’ என்று நாம் ஒருவருக்கொருவர் எழுதுகிறோமே, அதை நான் இப்போதெல்லாம் எழுதுவதில்லை.

‘எழுதறவளே ஹீரோயின்’ என்ற வசவுக்கு ஒரு பூர்விகம் உண்டு. 1973-ல் அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் தொடருக்கு ரசிகர்கள் கையிதழ் நடத்திக்கொண்டிருந்த காலம். பாலா ஸ்மித் என்ற ரசிகை, தங்கள் கூட்டத்தில் குவிந்த ஒரே மாதிரிக் கதைகளைக் கிண்டல் செய்து ஒரு குட்டிக் கதை எழுதினார். அதில் மேரி சூ என்று பதினைந்தரை வயதுப் பெண், கப்பற்படையிலேயே இளைய லெப்டினன்ட். அவளுக்குத் தெரியாத வித்தை இல்லை, அவளிடம் மயங்காத ஆள் இல்லை. நன்றாகச் சிரிக்கலாம். எழுதியவர் தம் பெயரைப் போட்டு, தம்முடன் கூட எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்தார். காலம் போகப் போக அந்தப் பெயர் ஒரு பிரம்பாகிவிட்டது. பெண் எழுதிய கதையில் பெண் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாலே ‘மேரி சூ’ என்று ஒரு போடு. நம் சினிமாவில் ஒரே ஆள் ஐம்பது பேரைச் சுவரோடு சுவராக அடிக்கும்போது, அது டைரக்டரின் நிறைவேறாத ஏக்கம் என்று யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

‘திருட்டுக் கதை’ என்பது அடுத்த வசவு. இதற்கு நான் அதிகம் செலவழிக்க மாட்டேன். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது. அதற்கு எவ்வளவோ முன்பே, அமுதசுரபி ஆசிரியராக இருந்த விக்கிரமன் பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’ எழுதி, அதை நம் பெரியம்மாக்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்ட கதைக்கு ஒட்டக்கூத்தர் உத்தர காண்டம் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்வது. புதுமைப்பித்தன் அகலிகையையும் சீதையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். அக்கினிப் பிரவேசத்தைப் பற்றிச் சீதை சொல்லக் கேட்டு அகலிகை மறுபடி கல்லானாள். அந்தக் கதையின் தலைமாட்டிலேயே, ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம், அதைப் பற்றித் தமக்குக் கவலை இல்லை என்கிற பொருளில் ஒரு குறிப்பு வைத்தார். ‘ரைட்டர்ஸ் நோட்’ என்று நாம் நாலு பாரா அழுகிறோமே, அதற்குப் பதில் அந்த ஒரு குறிப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நான் உண்மையில் சொல்ல வந்த பழைய கதை ஸ்பெயினில் நடந்தது.

செர்வாண்டிஸ் 1605-ல் ‘டான் கிஹோட்டே’ முதல் பாகத்தை வெளியிட்டார். ஊரெல்லாம் அதே பேச்சு. இரண்டாம் பாகம் வரும் என்று சொல்லியிருந்தார், ஒன்பது வருடம் ஓடிப்போனது. (யூடி தாமதத்துக்கு என்னைத் திட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.) 1614-ல் திடீரென்று இரண்டாம் பாகம் கடைக்கு வந்தது. எழுதியது அவர் இல்லை. அவெயனேடா என்று அட்டையில் ஒரு பெயர். அது புனைபெயர், நானூறு வருடம் ஆராய்ந்தும் அந்த ஆள் யார் என்று முடிவாகவில்லை. எழுதினவர் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். முன்னுரையில் மூல ஆசிரியரையே தாக்கியிருந்தார். கிழவர் என்றார். ஒற்றைக் கை என்று குத்திக் காட்டினார். செர்வாண்டிஸின் இடது கை, 1571-ல் லெபாண்டோ கடற்போரில் குண்டு பட்டு விளங்காமல் போன கை.

கவனியுங்கள். மற்றவர் பாத்திரத்தை எடுத்துத் தொடர்கதை எழுதியவரும், முகமூடி போட்டுக்கொண்டு வந்து வயதையும் உடம்பையும் சொல்லித் திட்டியவரும் ஒரே ஆள். நம் பாஷையில் சொன்னால் ஒரு எஃப்எஃப் (ஃபேன் ஃபிக்ஷன்) ரைட்டர்தான் அந்த கெஸ்ட். நாம் என்னவோ அடி வாங்குகிற சாதி, அவர்கள் அடிக்கிற சாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

செர்வாண்டிஸுக்கு அப்போது அறுபத்தேழு வயது இருக்கும். சொந்த இரண்டாம் பாகம் பாதிக்கு மேல் எழுதிக் கையில் இருக்கிறது. முன்னுரையில் வயதுக்கும் கைக்கும் பதில் சொன்னார்: காலத்தை நிறுத்தி வைக்க என்னால் ஆகுமா, இது சாராயக் கடையில் போன கை இல்லை என்கிற தோரணையில். பெரிய பதிலைக் கதைக்குள் வைத்தார். 59-ஆம் அத்தியாயத்தில் டான் கிஹோட்டே ஒரு சத்திரத்தில் தங்குகிறார். பக்கத்து அறையில் இரண்டு பேர் அந்தப் பொய்ப் புத்தகத்தைப் படித்துப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. அந்தப் புத்தகத்தில் தாம் சரகோசா போனதாக எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும், போய்க்கொண்டிருந்த வழியை மாற்றி பார்சிலோனாவுக்குத் திரும்புகிறார்.  1615-ல் புத்தகம் வந்தது, அடுத்த வருடம் மனிதர் போய்விட்டார். அந்த முகமூடிக்காரர் அப்படி ஒரு குத்துக் குத்தாமல் இருந்திருந்தால் அந்த அத்தியாயம் இப்படி அமைந்திருக்காது. ஆனால் இதைப் படித்துவிட்டு ‘திட்டு வாங்கினால் எழுத்து வளரும்’ என்று யாரும் கிளம்பாதீர்கள். அறுபத்தேழு வயதில் ஒரு யுத்தத்தையும் அடிமைச் சிறையையும் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு அது முடிந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது முடிய வேண்டும் என்று எதிர்பார்க்க நாம் யார்?

பெயரில்லாமல் எழுதுவதே தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நம்மில் எத்தனை பேர் சொந்தப் பெயரில் எழுதுகிறோம்? என் மருமகனுக்கு நான் எழுதுவதே தெரியாது. விமர்சனம் என்றாலே எல்லோரும் நக்கீரரை இழுத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கதையில் முகத்தைக் காட்டிக்கொண்டு, கூந்தலின் மணம் பற்றிய அந்த ஒரு கருத்தில் குற்றம் என்று சுட்டிச் சொன்னவர் நக்கீரர். அதாவது சர்வே நம்பரோடு. ஒளிந்துகொண்டு தருமி கையில் பாட்டைக் கொடுத்து அனுப்பியவர்தான் எழுதியவர். நாம் அந்தப் பக்கம். 2019-ல் டப்ளினில் நடந்த விழாவில், ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ரசிகப் புனைவுக் களஞ்சியத்துக்கு ஹியூகோ விருது கொடுத்தார்கள். வாங்க மேடை ஏறிய நவோமி நோவிக், அரங்கத்தில் விளக்கைப் போடச் சொல்லி, அதில் பங்குள்ளவர்கள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். அங்கங்கே எழுந்து நின்றார்கள். புனைபெயருக்குள் இருந்தவர்கள் ஒரு நிமிடம் முகத்தோடு நின்ற அந்தக் காட்சியைப் போனில் பார்த்து நான் அழுதேன். விளக்கை அணைத்ததும் அவர்களும் பழையபடி புனைபெயருக்குள்தான் போயிருப்பார்கள், போகட்டும்.

லண்டனில் டைம்ஸ் இலக்கிய இணைப்பிதழில் 1974 வரைக்கும் மதிப்புரைகளுக்குப் பெயரே போட மாட்டார்களாம். ஆனால் அங்கே நடுவில் ஓர் ஆசிரியர் இருந்தார். எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியும். அசிங்கமாக இருந்தால் அடித்துவிடுவார். எங்கள் ஆபீஸில் டெபுடி தாசில்தார் இருந்தார். உங்கள் கதைக்கும் உங்களைத் திட்டுகிறவருக்கும் நடுவில் யாருமே இல்லை. இன்லண்டு லெட்டர் நேராக உங்கள் தலையணைக்கு வருகிறது. நம் கஷ்டம் மொட்டைக் கடுதாசி வருவதில் இல்லை, தபால் பிரிவு இல்லாததில்.

அப்படியானால் தபால் பிரிவை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலான தளங்களில் கெஸ்ட் கமெண்டை மூட வழி இருக்கிறது. அல்லது வருவதை நிறுத்தி வைத்து, பார்த்துவிட்டு உள்ளே விடலாம். ‘கதவைச் சாத்தினால் பயந்தாங்கொள்ளி என்பார்கள் சிஸ்’ என்று ஒருத்தி கேட்டாள். சாத்தாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? நான் இன்னொன்றும் செய்கிறேன். நம்மில் ஒருத்தியும் நானும் பண்டமாற்று வைத்திருக்கிறோம்; அவள் கதைக்கு வருவதை நான் முதலில் படிப்பேன், என் கதைக்கு வருவதை அவள். சர்வே நம்பர் இருந்தால் அதை மட்டும் வெட்டி அனுப்புவோம், மாமன் மச்சானெல்லாம் அங்கேயே நின்றுவிடும். மற்றவருக்கு வந்த வசவு நமக்கு உறைப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கமெண்ட் பார்ப்பதில்லை என்றும் ஒரு தீர்மானம் உண்டு. அதை வாரத்தில் நாலு நாள்தான் காப்பாற்றுகிறேன்.

பதில் எழுதுவது பற்றி. அடுத்த எபியின் தலையில் ‘என்னைத் திட்டினவங்களுக்கு’ என்று ஆரம்பிக்காதீர்கள். 2006-ல் ஆங்கிலத்தில் ‘மை இம்மார்ட்டல்’ என்று ஒரு ஹாரி பாட்டர் ரசிகக் கதை வந்தது. எழுத்துப் பிழைகளுக்காகவே உலகப் புகழ் பெற்றது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுதியவர் திட்டியவர்களைத் திரும்பத் திட்டிக்கொண்டே வந்தார். கதையை விட்டுவிட்டு அந்தச் சண்டையைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது. வேண்டுமென்றே செய்த கேலியா, நிஜமாகவே ஒரு சின்னப் பெண் அடிபட்டுக் கத்தினதா என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேலியாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மிரட்டல், உங்கள் வீட்டு முகவரியைப் போடுவேன் என்பது, ஆபாசப் படம் அனுப்புவது இதெல்லாம் விமர்சனத்தில் சேராது. அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். வெறும் வசவுக்குப் போலீஸ் வராது. புண்படுத்தும் செய்தி அனுப்பினாலே கைது என்றிருந்த 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நல்லதுக்குத்தான் செய்தார்கள், அதை வைத்து யார் யாரையெல்லாம் பிடித்தார்கள் என்று பார்த்தவள் நான்.

சீரியல் ஜோடிகளை வைத்து எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாத்திரங்களை வைத்து எழுதுங்கள், எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் பண்ணி வையுங்கள், உங்களுக்காக நான் சண்டைக்கு வருவேன். அந்த நடிகர், நடிகையின் சொந்தப் பெயரைப் போட்டு, அவர்கள் குடும்பத்தையும் இழுத்துப் படுக்கையறை வரை எழுதினால், அங்கே திட்டுகிற கெஸ்ட் பக்கம்தான் நான் சாய்வேன். அந்த மனுவில் சர்வே நம்பர் இருக்கிறது.

இத்தனை சட்டம் பேசுகிறவள் ஒன்றை மறைக்கக் கூடாது.

2023 ஏப்ரலில் பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. ஆபீஸ் தோழிகளோடு போனேன். மணிமேகலையே இல்லை. முதல் பாகத்தில் வராதவள் இரண்டாவதிலாவது தலை காட்டுவாள் என்று கடைசி வரை கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு படத்துக்குள் அத்தனை பேரையும் அடைக்க முடியாது என்று புத்திக்குத் தெரியும். மனசு கேட்டால்தானே. கூட வந்தவர்களுக்கு மணிமேகலை யாரென்றே ஞாபகம் இல்லை. யாரிடம் சண்டை போடுவது?

அப்போது நான் எழுத ஆரம்பிக்கவில்லை, சைலன்ட் ரீடர். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனை எடுத்தேன். ஒரு புதுக் கதை கண்ணில் பட்டது. குந்தவை சிறுசேரியில் ஐடி கம்பெனி டீம் லீடர். வந்தியத்தேவன் அவள் ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற டெலிவரி பையன். நந்தினி எச்.ஆர். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. லாக் அவுட் செய்தேன். கெஸ்டாக நாலு வரி அடித்தேன். பிராட்டியின் கழுத்தில் ஐடி கார்டு மாட்டியிருக்கிறாய், உனக்குத் தமிழும் தெரியாது, சரித்திரமும் தெரியாது, பேசாமல் போய் ரீல்ஸ் போடு. இதைவிடக் கொஞ்சம் மோசமாகவே எழுதினேன். முழுதாக இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. முப்பத்தேழு வருடம் மொட்டைப் பெட்டிஷனைத் தொட்ட கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டவள் எழுதினேன். போனை வைத்துவிட்டு நன்றாகத் தூங்கவும் செய்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எழுதும்போது எனக்குள் துவேஷம் இருந்ததாகவே தோன்றவில்லை. குந்தவைக்காக நியாயம் கேட்பதாகத்தான் நினைத்தேன். நம்மைத் திட்டுகிற பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று படுகிறது. கதையே படிக்காதவர் நம் பக்கம் வருவதில்லை. அதே வந்தியத்தேவனை, அதே குந்தவையை, நம்மைப் போலவே பதின்மூன்று வயதில் படித்துவிட்டுப் பைத்தியம் பிடித்தவர்தான் வருகிறார். அவர் மனசில் இருக்கிற குந்தவையை நாம் தொட்டுவிட்டோம். பங்காளித் தகராறு மாதிரி இது. வரப்புச் சண்டையில் அரிவாளைத் தூக்குகிறவன் அசலூர்க்காரனாக இருந்து நான் பார்த்ததில்லை. இதனால் அவர்களை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. என்னையே நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

மறுநாள் அந்தப் பெண் பதில் போட்டிருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. ‘சாரிங்க, உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா. எந்த எடம் தப்புன்னு சொன்னீங்கன்னா மாத்திடறேன்’ என்று எழுதியிருந்தாள்.

எந்த இடம் என்று கேட்டாள். திரும்பப் போய் மூன்று எபியையும் ஒழுங்காகப் படித்தேன். சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. இன்னும் சொன்னால் நந்தினி எச்.ஆர். ரூமில் ஏசியைக் குறைத்து வைக்கச் சொல்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பதில் போடாமல் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு எபி வந்தது. அப்புறம் இல்லை. காரணம் நான்தானா, பரீட்சையா, கல்யாணமா, போன் உடைந்ததா, எனக்குத் தெரியாது. கதை அங்கேயே நிற்கிறது. கேளம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் குந்தவை தனியாக நிற்கிறாள், மழை பிடித்துக்கொண்டது, தூரத்தில் ஒரு டூ வீலர் வெளிச்சம் தெரிகிறது. அது வந்தியத்தேவனா இல்லையா என்று நீ சொல்லாமல் போய்விட்டாய்.

நீ இந்தக் கூட்டத்தில் எங்காவது இருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். புனைபெயரை மாற்றியிருக்கலாம். அந்த கெஸ்ட் நான்தான். தப்பான இடம் என்று எதுவும் இல்லை.

யூடி எப்போ, சிஸ்?

இப்படிக்கு,
கடம்பூர் மாளிகையில் தக்காளி போட்டவள்